ஒரு சால்வைக்குப் போன படிப்பறை

1

போன வாரம் சங்கரன்கோவிலிலிருந்து என் மதனி போன் செய்தாள். எடுத்ததும் எடுக்காததுமாக, "ஏளா சம்முவம், போட்டோ பாத்தேன்! அம்புட்டுப் பேருக்கு முன்னால மேடையில ஏத்திச் சால்வை போத்தியிருக்காவளே! தெருவுல ஒரு ஆளு பாக்கியில்லாம காட்டிட்டேன்" என்றாள்.

"சரி மதனி" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தப் படத்தை வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டவள் என் மகள் கோமதி. கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக. படத்தில் என் வாய் திறந்திருக்கிறது. நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதுதான் இல்லை. எனக்கு இது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆளாளுக்கு வாழ்த்துச் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதால், நடந்ததை ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். படித்த பிறகு தயவுசெய்து யாரும் பூங்கொத்துப் படம் அனுப்ப வேண்டாம்.

2

புனேயில் இருக்கிறேன் என்றால் நம் ஆட்களுக்கு உடனே கராடி ஞாபகம் வந்துவிடுகிறது. கண்ணாடிக் கட்டடம், லிப்ட் வைத்த அபார்ட்மென்ட், பால்கனியில் துளசிச் செடி, வீட்டுக்கே வரும் இட்லிமாவு. அவர்களும் தமிழர்கள்தான், நன்றாக இருக்கட்டும். நான் இருப்பது தாபோடி. ராணுவக் கல்லூரி மதிலுக்கும் ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கிற இடம். அதிலும் ஆற்றுப் பக்கம். எதிரே ஒருவர் வந்தால் நாம் யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நின்று வழி விட வேண்டிய சந்து. இப்படி நெருக்கியடித்துக் கிடக்கிற குடியிருப்பை இங்கே வஸ்தி என்கிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ராணுவப் பட்டறை ஒன்றில் வேலை. கேட்டிருந்தால் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கும். வேண்டாம் என்றவள் நான்தான். அப்போது ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர்களிடம் ஒரே ஒரு கண்டிப்பு. எந்த வஸ்தியில் வேலையோ, அந்த வஸ்தியிலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருக்க வேண்டும். காலையில் ஆட்டோவில் வந்து இறங்கிப் பொழுது சாய்ந்ததும் கைப்பையை மாட்டிக்கொண்டு போகிறவர்களால் ஒரு வஸ்தியும் முன்னேறாது. அவர்கள் தண்ணீருக்கு நிற்கிற வரிசையில் நீயும் நில். அவர்கள் கூரை ஒழுகும்போது உன் கூரையும் ஒழுகட்டும். கேட்கும்போது எனக்குப் புல்லரித்தது. வயசு அப்படி.

"ஒழுகுத வீட்டைத் தேடிப் போயி வாடகை குடுக்குத ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்திதாம்ட்டி" என்றார் என் வீட்டுக்காரர். ஆனாலும் கைக்குழந்தையாக இருந்த கோமதியை ஒரு தோளிலும் மெத்தைச் சுருட்டை இன்னொரு தோளிலும் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

சண்முகத்தாய் என்ற என் பெயரை ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பழங்காலத்துப் பெயர் என்று கேலி செய்வார்கள். இங்கே அக்காவைத் 'தாயி' என்பார்கள். பெயரிலேயே தாயியை வைத்துக்கொண்டு ஒருத்தி வந்திருக்கிறாள் என்று வஸ்திப் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். மராத்தி தத்தித் தத்தித்தான் வந்தது. சின்னப் பிள்ளைகளைக்கூட மரியாதையோடு 'நீங்கள்' என்று கூப்பிட்டதால், பேங்க்கில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். சிரிக்கிறவர்கள் கதவைச் சாத்த மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

3

படிப்பறை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் சந்தில் பல வீடுகள் ஒரே அறைதான். அதிலேயே அடுப்பு, அதிலேயே டிவி, அதிலேயே குடித்துவிட்டு வந்து விழும் மாமா. ஆண்பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய் உட்கார்ந்துகொள்வார்கள். பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்? எதிர்வீட்டுப் பூஜா பத்தாவது பரீட்சைக்குப் பொதுக் கழிப்பறைச் சுவரோரம், அந்த விளக்கு வெளிச்சத்தில் மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு படித்தாள். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கழிப்பறைக்குப் பின்னால் கார்ப்பரேஷனின் பழைய சாமான் அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. உள்ளே உடைந்த தள்ளுவண்டியும் பெருச்சாளியும். அதைக் கேட்டு வார்டு ஆபீசுக்கு நடந்தேன். சாயேப் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார். சாயேப் மீட்டிங்கில் இருக்கிறார். சாயேப் மாற்றலாகிவிட்டார், புது சாயேபுக்கு முதலிலிருந்து எழுதிக் கொடுங்கள். புது சாயேப் நல்லவர், ஆனால் லீவில் இருக்கிறார். என் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு நாள், உள்ளூரில் பதிவு செய்த அமைப்பு எதுவோ அதன் பேரில்தான் அறையைத் தர முடியும் என்றார்கள். எங்கள் அறக்கட்டளை பதிவானது வேறு ஊரில். வஸ்தியில் பதிவு செய்த ஒரே அமைப்பு கணபதி மண்டல்.

புனேயில் அரசாங்கம் ஒன்று, மண்டல் ஒன்று. பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடுகிற சங்கம்தான் என்று நாம் நினைப்போம். குழாயில் தண்ணீர் வரவில்லையா, பள்ளியில் சீட்டு வேண்டுமா, பிணம் எடுக்க ஆள் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் மண்டல்தான். எங்கள் மண்டலின் தலைவர் சுரேஷ் பாவூ. பாவூ என்றால் அண்ணன். ஆள் கெட்டவர் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று பரிமாறுகிற தாராள மனசு.

"அறை மண்டல் பேரிலேயே இருக்கட்டும். மக்கள் கையில் இருப்பதுதானே நம் கொள்கை?" என்றார் எங்கள் அறக்கட்டளையை நடத்துகிற பெரியம்மா. நானும் கூட்டம் போட்டு, எல்லோருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "இந்த அறை உங்களுடையது. இதைப் பற்றிய முடிவெல்லாம் நீங்கள்தான் எடுக்க வேண்டும். வெளியாள் யாரையும் எதிர்பார்க்காதீர்கள்." என்ன கைதட்டல்! நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது எனக்கு எங்கே தெரிந்தது?

சுண்ணாம்பு அடித்தோம். டியூப்லைட் போட்டோம். கராடியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் பழைய நாற்காலிகளை வேனில் ஏற்றி அனுப்பியது. கதவுக்கு மேலே மராத்தியில் 'அப்யாசிகா' என்று எழுதினோம், படிப்பறை என்று அர்த்தம். சாயங்காலம் ஆனால் பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பூஜா பன்னிரண்டாவது முடித்து நர்ஸிங் நுழைவுத் தேர்வுக்கு அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போகும்போது எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருக்கும். இருபது வருஷம் ஒழுகுகிற வீட்டில் கிடந்ததற்கு இது ஒன்று போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

4

கோமதி தமிழில் கனவு காண்பதில்லை. தூக்கத்தில் பேசுவது மராத்தி. என்னோடு தமிழில் பேச ஆரம்பிப்பாள், பாதி வழியில் தமிழ் தீர்ந்துவிடும். ஊரில் அவளுடைய தாத்தா எழுதிய பொங்கல் வாழ்த்தை என்னிடம் நீட்டி, "அம்மா, வாசிச்சு சொல்லு நா" என்பாள். இதெல்லாம் நான் வருத்தப்பட்டுக்கொண்ட விஷயங்கள் இல்லை. வஸ்தியில் ஒன்றாகக் கலந்துவிட வேண்டும் என்று வந்தவள் நான். நான் கலந்தேனோ இல்லையோ, மகள் கலந்துவிட்டாள் என்று பெருமைதான் பட்டேன்.

கல்லூரிக்குப் போனதும் அவள் டோல் பதக்கில் சேர்ந்தாள். கணபதி ஊர்வலத்துக்கு முன்னால் பெரிய பெரிய மேளங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டு போவார்களே, அந்தக் குழு. எங்கள் மண்டலுக்கும் ஒன்று உண்டு. மழைக்காலம் தொடங்கினால் ஆற்றங்கரையில் பயிற்சி. கோமதி மேளத்தைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நிற்பாள். இடுப்பெல்லாம் கன்றிப் போய் வருவாள். எண்ணெய் தேய்த்துவிடும்போது, "வலிக்கலையாட்டி?" என்று கேட்டால், "மஜா வருது அம்மா" என்பாள்.

இந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. மேளங்களை ஆற்றங்கரைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். தண்ணீர் இறங்கித் தோல் ஊறிப்போனது. ஒரு நாள் கோமதி ஒரு மேளத்தை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து, அழாத குறையாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம் என்றுதான் எனக்கும் இருந்தது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்ததுகூட நான்தான்.

5

சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் சுரேஷ் பாவூ வீட்டுக்கு வந்தார். "தாயி, கொடியேற்றின பிறகு உங்களுக்கு சத்கார். வஸ்திக்கு நீங்க எவ்வளவு செஞ்சிருக்கீங்க! முடியாதுன்னு சொல்லக் கூடாது."

சத்கார் என்பது இங்கே தினப்படி நடக்கிற காரியம். மேடையேற்றிச் சால்வை போர்த்திக் கையில் தேங்காய் கொடுப்பார்கள். ரிட்டயர் ஆனவருக்கு, மார்க் வாங்கின பிள்ளைக்கு, புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்கு, ரத்தம் கொடுத்தவருக்கு. வாங்குகிறவர் முதலில், 'ஐயோ வேண்டாம், நான் இதற்குத் தகுதி இல்லை' என்று மறுக்க வேண்டும். அப்புறம் கழுத்தைக் குனிய வேண்டும். அதுதான் முறை. கல்யாண வீட்டில் 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்று சொல்லிக்கொண்டே பந்தியில் உட்காருவோமே, அதைப் போல.

எனக்கும் ஆசைதான். ஏன் பொய் சொல்ல? ஊரில் எடுத்த பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு மேடையில் மைக்கைப் பிடித்து நிகழ்ச்சியை நடத்தியவள் கோமதி. அவளுடைய மராத்தியைக் கேட்டு, பக்கத்தில் நின்ற பூஜாவின் அம்மா என் கையைக் கிள்ளினாள். "உங்க பொண்ணு எப்படிப் பேசுறா பாருங்க தாயி!" எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சால்வையைப் போர்த்தினார்கள். தேங்காயைக் கொடுத்தார்கள். பிறகு சுரேஷ் பாவூ பேசினார். "தாயி தன் கையால உருவாக்கின இந்த அறையை, இன்னைக்கு முழு மனசோட நம்ம டோல் பதக்குக்கு ஒப்படைக்கிறாங்க. இனிமே நம்ம மேளங்கள் மழையில நனையாது!"

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எதிரே முதல் வரிசையில் பூஜாவும் மற்றப் பெண்பிள்ளைகளும் கொடிப்பாட்டுப் பாடிவிட்டு வெள்ளை உடுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எட்டி மைக்கைப் பிடித்தேன். "எனக்கு இந்தச் சால்வை வேண்டாம். நான் இதுக்கு ஒத்துக்கல" என்றேன்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கைதட்டியது. மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கிறேன், அவ்வளவுதான் அவர்களுக்கு. பிள்ளைகள் எங்கே போய்ப் படிக்கும் என்று நான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள், ஒரு கை மெதுவாக வந்து மைக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. கோமதியின் கை.

"பாருங்க, தனக்கு வர்ற பெருமையைக்கூட வேண்டாம்னு தள்ளுறவங்க என் அம்மா. இந்த அடக்கத்தைத்தான் நாங்க எல்லாரும் அவங்ககிட்டக் கத்துக்கணும்" என்றாள், அந்த அழகான மராத்தியில். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

உடனே மேளம் தொடங்கிவிட்டது. டோல் அடிக்கத் தொடங்கிய பிறகு பக்கத்தில் நிற்கிறவர் சொல்வதே கேட்காது. என் பேச்சு யாருக்குக் கேட்கும்? அந்த மைதானத்தில் நான் என்ன சொன்னேன் என்று சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள், நான் பெற்ற பிள்ளை.

6

வீட்டுக்கு வந்ததும் சால்வையைக் கட்டிலில் வீசினேன்.

"நான் என்ன சொல்ல வந்தேன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றாள். பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"பொறகு எதுக்குட்டி அப்படிப் பேசுன?"

"அம்மா, ஐக் நா, கேளு. நீ அங்க எல்லார் முன்னாடியும் ஜக்டா போட்டா, நாளைக்கு நான் பதக்ல எப்படி முகம் காட்டுறது? உன் ஆபீஸ்ல போன்னு சொன்னா நீ வேற வஸ்திக்குப் போயிடுவ. நான் இங்கதான் இருக்கணும்."

"படிக்கிற பிள்ளைய எங்க போவும்? பூஜா ஒன்கூட வெளையாண்டவதான?"

"எத்தனை பேர் படிக்க வர்றாங்க? பதக்ல எவ்வளவு பேர் இருக்கோம்? நீதானே சொன்ன, இங்க இருக்கிறவங்களே டிசைட் பண்ணணும்னு. நாங்க டிசைட் பண்ணோம். மீட்டிங் வச்சோம். எல்லாரும் கை தூக்கினோம்."

"எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லல? என்னைய ஏன் கூப்பிடல?"

அவள் என்னை நிஜமாகவே ஆச்சரியமாகப் பார்த்தாள். கோபமோ நக்கலோ அந்தப் பார்வையில் இல்லை.

"உன்னை எதுக்குக் கூப்பிடணும்? அது வஸ்தி மீட்டிங்மா."

என் வீட்டுக்காரர் அதுவரை தட்டில் பருப்புச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரி சரி, சோறு ஆறுது. அவ சொல்லுததுலயும் ஒரு ஞாயம் இருக்குல்லா" என்றார். நான் அவர் மேல் பாய்ந்தேன். அவர்மேல் பாய்ந்துதான் பழக்கம். கோமதி கதவைத் திறந்துகொண்டு பயிற்சிக்குப் போனாள்.

வேற்றாள் யாராவது இப்படிச் செய்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். பெற்றவளுக்கு அந்த வசதி கிடையாது. அன்றைக்கு முழுக்க அழுதேன். மகள் ஏமாற்றிவிட்டாள் என்றா, இருபது வருஷமாக இருந்தும் நான் வஸ்தி இல்லை என்றா, எதற்காக அழுதேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். என் கதையில் பிள்ளையார் பிள்ளையாராகத்தான் இருக்கிறார். குரங்கானது நான்.

7

சும்மா விடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வார்டு ஆபீசில் மனுக் கொடுக்கலாம் என்று வீடு வீடாகப் போனேன். பூஜாவின் அம்மா நாலு அபார்ட்மென்டில் சமையல் வேலை பார்க்கிறவள், என்னை ஒரு நாளும் டீ குடிக்காமல் அனுப்பாதவள். அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். "தாயி, நீங்கதானே குடுத்தீங்க? சால்வை வாங்கினதை நாங்க எல்லாரும் பாத்தோமே. இப்ப நாங்க கையெழுத்துப் போட்டா சுரேஷ் பாவூ என்ன நினைப்பாரு? நாளைக்குக் குழாயில தண்ணி வரலைன்னா நான் யார்கிட்டப் போறது, உங்ககிட்டயா?"

அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் வந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சுரேஷ் பாவூவிடம்தான் போயிருப்பேன்.

சுரேஷ் பாவூ அன்பாகவே பேசினார். "காலையில பொண்ணுங்க வந்து உக்காந்து படிக்கட்டுமே தாயி, யார் தடுத்தா?" காலையில் அந்தப் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும், சோறு பொங்கும், கல்லூரிக்கு ஓடும். அப்படியே போனாலும் உள்ளே கூரை வரைக்கும் மேளம். கராடி நாற்காலிகளை வெளியே மழையில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

அறக்கட்டளைப் பெரியம்மாவுக்குப் போன் செய்து கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சண்முகத்தாய், இதைத்தானே நாம் எதிர்பார்த்தோம்? மக்களே பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். நல்ல முன்மாதிரி" என்றார். அப்புறம் ரஞ்சன்காவ் என்கிற ஊரில் தொழிற்சாலைக் கூலிகள் தங்குகிற லைன் வீடுகளில் நிறைய வேலை கிடக்கிறதாம். நான் அங்கே போய்க் குடியிருக்க முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இவர்களுக்கு நான் மனுஷியா, மேஜை நாற்காலியா?

கோமதி இப்போது என்னோடு சாதாரணமாகப் பேசுகிறாள். நானும் பேசுகிறேன். என்ன குழம்பு, எப்போது வருவாய், மழைக்கோட்டு எங்கே. அதற்கு மேல் இரண்டு பேரும் போவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் புனே டவுனில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு லோக்கல் ரயிலில் தாபோடி ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். பிளாட்பாரத்தின் கடைசியில், மின்விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சில் பூஜாவும் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளும். மடியில் புத்தகம். ரயில் போகும்போது காதைப் பொத்திக்கொள்கிறார்கள், போனதும் மறுபடி குனிகிறார்கள். என்னைப் பார்த்ததும் பூஜா எழுந்துகொண்டாள்.

"காகு, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. கூடப் படிக்கிற பொண்ணு வீட்டுக்குப் போறேன்னுதான் வீட்டுல சொல்லிட்டு வந்தேன். பிளாட்பாரம்னு தெரிஞ்சா வெளிய விடமாட்டாங்க." காகு என்றால் சித்தி.

சொல்ல மாட்டேன் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேர்வு எப்போது என்று கேட்டேன். அடுத்த மாதம் என்றாள். அதற்குள் ஒரு ரயில்வே போலீஸ்காரர் லத்தியைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். எல்லோரிடமும் டிக்கெட் கேட்டார். பிள்ளைகளிடம் டிக்கெட் இல்லை. என்னுடையதைக் காட்டினேன்.

"சாஹேப், பரீட்சைக்குப் படிக்குதுங்க. கொஞ்ச நேரம் விடுங்க" என்று இந்தியில் கெஞ்சினேன்.

"இது படிக்கிற இடமா? தினமும் இதே பெஞ்சுல பாக்குறேன். நீங்க யாரு இதுங்களுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பூஜா முந்திக்கொண்டாள். என்னையும் இதில் இழுத்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், அது எனக்குச் சத்தியமாகத் தெரியும்.

"இவங்க யாரும் இல்ல சாஹேப். எங்க வஸ்தியில வாடகைக்கு இருக்கிறவங்க. அவ்வளவுதான்."

போலீஸ்காரர் என் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

"அப்படின்னா நீங்க போகலாம்" என்றார்.